சல்காடோ இறந்த வாரத்தில் வாங்கிய மூன்று ரோல் டிரை-எக்ஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஃபிலிமை நான் வாங்கியது துக்கத்தில். அப்படி வாங்கியவன் எழுதும் விமர்சனத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பது உங்கள் பாடு. 2025 மே 23 அன்று பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ பாரிஸில் இறந்துபோனார். 81 வயது. 2010-ல் இந்தோனேசியாவில் வேலையாகப் போன இடத்தில் பிடித்த மலேரியா, கடைசியில் ரத்தப் புற்றுநோயில் கொண்டுபோய் விட்டது என்று குடும்பத்தார் சொன்னார்கள். செய்தி வந்த ராத்திரி, படம் எடுக்கிற எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். அந்தத் தங்கச் சுரங்கப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், நாலு வரி எழுதிப் போட்டேன், சரியில்லை என்று அழித்தேன், மறுபடி போட்டேன். அப்புறம் நள்ளிரவு தாண்டி கோடாக்கின் கறுப்பு வெள்ளை ஃபிலிமான டிரை-எக்ஸ் 400, 36 படம் எடுக்கிற 35 மில்லிமீட்டர் ரோல், மூன்று ஆர்டர் பண்ணிவிட்டுப் படுத்தேன்.

ஏன் டிரை-எக்ஸ்? அவர் படங்களில் இருக்கும் அந்தக் கறுப்பு இந்த ஃபிலிமில்தான் இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லிக் காலம்காலமாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். பொய்யும் இல்லை. அவருடைய பெரிய கறுப்பு வெள்ளை வேலைகளில் கணிசமான பகுதி லைக்கா கேமராவும் டிரை-எக்ஸுமாக நடந்ததுதான். பொருளாதாரம் படித்து, லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர், மனைவி லெலியா கட்டடக்கலைப் படிப்புக்காக வாங்கிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்கா போய்வந்து, 1973-ல் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினார். 1981-ல் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டபோது பக்கத்திலேயே இருந்தவர் இவர். அந்தச் சில நொடிகளில் எடுத்த படங்களை விற்ற காசில்தான் மறுபடி ஆப்பிரிக்கா போனார். அதிபர் சுடப்பட்ட படத்தால் தன் பெயர் நிற்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் போல, அதைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டதே இல்லை.

நான் அன்றைக்குப் பெரிதாக்கிப் பார்த்தது செர்ரா பெலாடா. பிரேசிலின் பாரா மாநிலத்தில் இருந்த திறந்தவெளித் தங்கச் சுரங்கம். 1986-ல் அவர் உள்ளே போனபோது சுமார் ஐம்பதாயிரம் பேர் அந்தக் குழிக்குள் இருந்தார்கள். இயந்திரம் என்று சொல்ல எதுவும் கிடையாது, மண்வெட்டி, கோணி, மரஏணி, அவ்வளவுதான். ஆளுக்கு ஏறக்குறைய 40 கிலோ சேற்று மூட்டை, எறும்புச் சாரை மாதிரி ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை. இதைக் கலரில் எடுத்திருந்தால் மண்ணும் உடம்பும் மூட்டையும் ஒரே பழுப்பாகப் போயிருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கறுப்பு வெள்ளையில் சேறு ஈரமாக இருக்கிற இடம் மினுங்குகிறது, காய்ந்த இடம் சாம்பலாக நிற்கிறது, வேர்வை வழிந்த கோடு தனியாகத் தெரிகிறது. போனில் விரலால் இழுத்துப் பார்த்தால் ஏணியின் நடுவில் ஒருவர் கீழே குனிந்து எதையோ பார்க்கிறார். அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் நின்றுவிட்டார். அவருக்கு மேலே இருப்பவரின் கோணியின் அடிப்பக்கம் நனைந்து கறுத்திருக்கிறது. இந்தக் கறுப்பைத்தான் நான் ஆர்டர் பண்ணினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, பொருளுக்கு வருவோம்.

டிரை-எக்ஸ் என்ற பெயர் 1940-லேயே ஷீட் ஃபிலிமாக, அதாவது பெரிய கேமராக்களுக்கான தனித்தனித் தாளாக, வந்துவிட்டது. நமக்குத் தெரிந்த 35 மில்லிமீட்டர் ரோல் 1954-ல் வந்தது. அன்றைக்கு இவ்வளவு வேகமான, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கிற, ஃபிலிம் சாதாரணமாகக் கிடைக்காது. பத்திரிகைக்காரர்கள் ஃபிளாஷை வைத்துவிட்டு இருக்கிற வெளிச்சத்தில் எடுக்க ஆரம்பித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். இன்றும் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில்தான் தயாரிக்கிறார்கள். 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு போட்டபோது இது அவ்வளவுதான் என்று பதறி வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கியவர்களில் நானும் உண்டு. காய்கறிக்கு இடம் இல்லை என்று வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம், ஃபிலிம் எங்கேயும் போகவில்லை, விலைதான் போனது, மேலே மேலே. கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் இது இப்போது மலிவான ரகத்தில் சேராது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உள்ள வெள்ளி உப்புத் துகள்கள் பழைய பாணி, கட்டிகட்டியாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இதே கம்பெனியின் டி-மேக்ஸ் 400-ல் துகள்கள் தட்டையாக இருப்பதால் படம் வழவழவென்று வரும். டிரை-எக்ஸில் வானத்தைப் பார்த்தாலே கிரெய்ன், அந்தத் துகள்களின் சொரசொரப்பு, தெரியும். சிலருக்கு அது அழுக்கு மாதிரி. எனக்கு அது காடாத்துணி நெசவு மாதிரி, கைவைத்தால் தட்டுப்படும் போல இருக்கும். கிரெய்னே பிடிக்காதவர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு டி-மேக்ஸ் வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் தப்பில்லை.

முதல் ரோலைப் பழைய மெக்கானிக்கல் கேமரா ஒன்றில் போட்டேன். பேட்டரி கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. பக்கத்துக் கட்டட வேலை நடக்கிற இடம், சாயங்கால வெயில் எதிரே. சல்காடோ சூரியனை எதிர்த்து எடுத்த படங்கள் அத்தனை இருக்கின்றனவே, நாமும் எதிர்த்தே எடுப்போம் என்று போனேன். சிமெண்ட் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாய்வுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார் ஒருவர், சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து இறக்கித் தோளுக்குக் கொடுத்திருந்தார், ஒவ்வொரு அடிக்கும் மூட்டையிலிருந்து தூள் கிளம்பி வெயிலில் புகையாக நின்றது. மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். ஒரு நாற்பது நிமிஷம் நின்றிருப்பேன். மூன்றாவது நடை முடிந்து இறங்கி வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"காட்டுங்க சார், எப்படி வந்திருக்குன்னு பாப்போம்."

கேமராவின் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். அங்கே ஃபிலிம் டப்பாவின் அட்டையைக் கிழித்துச் சொருகி வைத்திருந்தேன், என்ன ரோல் போட்டிருக்கிறேன் என்று மறந்துபோகாமல் இருக்க. அதில் 400 என்று போட்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல என்னா சார் தெரியும்?"

"இது ஃபிலிம்ணே. கழுவினாத்தான் தெரியும்."

"அப்ப சரியா வரலைன்னா?"

"வரலைன்னா வரலதான்."

சிரித்தார். "எங்க வேல பரவால்ல போலயே, கோணச்செவுருன்னா அன்னைக்கே தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். படம் வந்ததும் ஒரு பிரிண்ட் கொண்டுவந்து தருகிறேன் என்று பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலேயே கையை மட்டும் தூக்கினார்.

இப்போது கழுவும் கதை. இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் டிரை-எக்ஸை வாங்கி லேபுக்கு அனுப்பி, ஸ்கேன் செய்த படத்தை மட்டும் மெயிலில் வாங்கிக்கொண்டால் பாதிப் பொருள்தான் உங்கள் கைக்கு வந்தது. முன்பு ஒரு தடவை லேப் ஒன்றில் கொடுத்து, அவர்கள் தானியங்கி ஸ்கேனில் கான்ட்ராஸ்டை முறுக்கி, நிழலில் இருந்ததெல்லாம் தார் மாதிரி வந்ததைப் பார்த்து, ஃபிலிமைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விவரமெல்லாம் அதில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நானே கழுவுகிறேன்.

டெவலப்பர், அதாவது ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம், டி-76. பொடியாக வரும், கொஞ்சம் சூடான தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் ஆறவிட்டு வைத்துக்கொள்ளவேண்டும். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 9¾ நிமிஷம், கலக்காமல் ஊற்றினால் 6¾ நிமிஷம், இது கோடாக்கின் அட்டவணையே சொல்வது. 20 டிகிரிதான் சிக்கல். வெயில் காலத்தில் குழாயைத் திறந்தால் வெந்நீராக வரும், அந்தச் சூட்டுக்கு நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போய்விடும், அப்போது படம் திட்டுத்திட்டாக வர வாய்ப்பு உண்டு. ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு ரீலில் ஃபிலிமைச் சுற்றும்போது உள்ளங்கை வேர்க்கும், ஃபிலிம் பாதியில் சிக்கும், வெளியே எடுக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டால் நன்றாகச் சுற்றும் என்று ஏனோ ஒரு நம்பிக்கை, பைக்குள் இருப்பதைத்தான் எப்படியும் பார்க்க முடியாதே.

டாங்கில் ஊற்றி முதல் முப்பது நொடி விடாமல் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்து, அப்புறம் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. முதல் ரோலை எடுத்துப் பார்த்தபோது ஓரமெல்லாம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக இருந்தது. இது என் அவசரத்தில் வந்தது, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலில் போதுமான நேரம் விடவில்லை, அலசியதும் போதவில்லை. டிரை-எக்ஸ் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு தடவை ஃபிக்ஸரில் போட்டு நன்றாக அலசியதும் போய்விட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்து ரோலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

36 படத்தில் ஆறு தேறியது. அதில் ஒன்று அந்தச் சிமெண்ட் மூட்டைக்காரர். மூட்டையின் விளிம்பில் வெளிச்சம் ஒரு கோடு மாதிரி ஓடுகிறது, தோளில் இருக்கும் சிமெண்ட் தூள் எது, ஃபிலிமின் கிரெய்ன் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒன்றோடு ஒன்று கலந்திருக்கிறது, பலகையின் சரிவு படத்தின் குறுக்கே சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. முகம் மட்டும் முழுக் கறுப்பு. அன்றைக்கு எனக்கு அதுவே பெருமையாக இருந்தது. சல்காடோ கறுப்பு வந்துவிட்டது என்று நண்பனுக்கு அனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பியது ஒரே வரி. "அவர் படத்துல மூஞ்சி தெரியும்டா."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சூரியனுக்கு எதிரே எடுத்த எத்தனையோ படத்தில் அவர் நிழலில் இருக்கும் கண்ணைக்கூட விட்டுவிடவில்லை, புருவத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதாவது ஒன்று இருக்கும், அதை அப்புறம் பிரிண்ட் போடுகிறவர்கள் இருட்டறையில் பொறுமையாக உட்கார்ந்து இழுத்து வெளியே கொண்டுவந்திருப்பார்கள். நான் கறுப்பு என்று நினைத்தது வெறும் வெளிச்சக் குறைவு. இந்த ஃபிலிமைப் பற்றிப் பரவியிருக்கும் பெரிய மூடநம்பிக்கையும் இதுதான், எப்படி எடுத்தாலும் தாங்கும் என்பது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதி, குறைவாகப் போனாலும் வழக்கமான நேரமே கழுவலாம் என்று கோடாக்கே சொல்வது சரிதான், படம் வரும், ஆனால் நிழலில் இருந்த ஆள் வரமாட்டார். நான் குறைத்தது ஒரு ஸ்டாப்பும் இல்லை, எதிர்வெயிலில் இரண்டு மூன்று ஸ்டாப் போயிருக்கும். இரண்டாவது ரோலைப் பெட்டியில் போட்டிருக்கும் 400-க்குப் பதிலாக 250 என்று வைத்து (எண்ணைக் குறைத்தால் ஃபிலிமுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும்), கையில் மீட்டர் வைத்துக்கொண்டு நிழலுக்கு அளந்து எடுத்தேன். அதுதான் இந்த ஃபிலிம் உண்மையில் என்ன என்று காட்டிய ரோல். வானமும் வெளுத்துப் போகவில்லை, நிழலுக்குள் சட்டை மடிப்புவரை இருக்கிறது. மேல்பக்கம் வெளிச்சம் அதிகமானால் டிரை-எக்ஸ் ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொள்ளும், கீழ்ப்பக்கம் அப்படி இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த விமர்சனத்தை நீங்கள் படித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இல்ஃபோர்ட் கம்பெனியின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமோடு எல்லாரும் ஒப்பிடுவார்கள். அது கொஞ்சம் சாதுவாக, சாம்பலாக வரும், பிரிண்டில் நாம் ஏற்றிக்கொள்ளலாம். டிரை-எக்ஸ் எடுக்கும்போதே ஒரு முடிவோடு வரும். கையில் காசு குறைவு, நிறைய எடுத்துப் பழகவேண்டும் என்றால் ஹெச்பி5 போதும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. யாருக்காக இந்த மூன்று ரோல் வாங்கினேனோ, அவரே இந்த ஃபிலிமை விட்டுவிட்டார். 2004-ல் தொடங்கிய ஜெனிசிஸ் என்ற இயற்கைப் படத்தொடர் வேலைக்கு முதலில் பென்டாக்ஸ் 645 என்ற பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு போனார், அதிலும் டிரை-எக்ஸ்தான். 2001-க்குப் பிறகு விமான நிலையங்களில் எக்ஸ்ரே சோதனை கடுமையாகி, ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான ரோல்கள் திரும்பத் திரும்ப அந்தக் கதிருக்குள் போய் வந்ததில் சாம்பல் நிறங்கள் கெட ஆரம்பித்தன. ஒவ்வொரு கவுண்டரிலும் கெஞ்சிக்கொண்டு நிற்பது ஒரு வேலையாகிப் போய், 2008-ல் கேனான் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். மாறிய விதம்தான் எனக்குப் பிடித்தது. வ்யூஃபைண்டரைப் பழைய 645 அளவுக்கு மறைத்துக்கொண்டார். பின்னால் இருக்கும் திரையையோ கம்ப்யூட்டரையோ பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கவில்லை, எடுத்ததையெல்லாம் பழைய காண்டாக்ட் ஷீட் மாதிரி, சின்னச் சின்னப் படங்களாகக் காகிதத்தில் போடச் சொல்லி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துக் குறித்தார். டிஜிட்டல் கோப்பில் மென்பொருள் வழியாக டிரை-எக்ஸின் கிரெய்னை ஏற்றி, அதிலிருந்து மறுபடி ஒரு நெகட்டிவ் உண்டாக்கி, அதை வைத்து வெள்ளி பிரிண்ட் போட்டார்கள்.

அப்படியானால் இந்த ஃபிலிமின் முகத்தை அவர் முகமூடியாகப் போட்டுக்கொண்டார் என்று சொல்லலாமா? சொல்லிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் ஒரு சோதனை. நண்பன் ஜெனிசிஸ் புத்தகத்தை எடுத்து, கீழே இருக்கும் விவரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, ஃபிலிமா டிஜிட்டலா என்று கேட்டான். காலபகோஸின் கடல் உடும்புக் கை, இரும்புக் கவசம் மாதிரி செதில் செதிலாக இருக்குமே, அவ்வளவு கூர்மையாக இருந்ததால் டிஜிட்டல் என்றேன். அது 2004, ஃபிலிம். அண்டார்டிகா பக்கம் ஸவடோவ்ஸ்கி தீவுக்கு அருகில் பனிப்பாறை விளிம்பிலிருந்து பென்குயின்கள் கடலில் குதிக்கும் படம், கிரெய்ன் தெரிந்தது, நிச்சயம் டிரை-எக்ஸ் என்றேன். அது 2009. கோட்டை மாதிரி நிற்கும் அந்தப் பனிமலையை மட்டும் சரியாகச் சொன்னேன், அதுவும் 2005 என்று ஏற்கெனவே எங்கேயோ படித்து வைத்திருந்ததால். இத்தனை வருஷம் கிரெய்னைப் பற்றிப் பேசி வந்த வாய்க்கு அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தேன்.

ஆகவே, அவர் படம் மாதிரி வரவேண்டும் என்பதற்காக இதை வாங்குகிறவர்கள் வாங்கவேண்டாம். அதற்குச் செலவு செய்ய வேண்டியது நேரம், அது டப்பாவில் வருவதில்லை. செர்ரா பெலாடாவுக்குள் போக ராணுவ ஆட்சிக் காலத்தில் அனுமதி கிடைக்காமல் வருஷக்கணக்கில் காத்திருந்து, போன பிறகு வாரக்கணக்கில் அந்தச் சேற்றிலேயே கிடந்திருக்கிறார். நான் நாற்பது நிமிஷம் நின்றதைப் போன பத்தி ஒன்றில் ஏதோ சாதனை மாதிரி எழுதியிருக்கிறேன், அழிக்க மனம் வராமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அப்படியானால் எதற்கு வாங்குவது? எனக்கு ஒரே ஒரு காரணம்தான் மிஞ்சுகிறது. எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் அந்தச் சாய்வுப் பலகை முன்னால் நின்றபோது என்ன நடந்தது என்றால், பார்ப்பதற்குத் திரை இல்லாததால் நான் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டலில் ஒரு படம் எடுத்ததும் தலை குனிந்துவிடும், சரியாக வந்ததா, கூர்மையாக இருக்கிறதா என்று. அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் மூட்டையை மாற்றித் தூக்கியிருப்பார், நமக்குத் தெரிந்திருக்காது. திரையை அணைத்துவைத்துக்கொண்டு டிஜிட்டலிலேயே இதைச் செய்யலாமே என்றால் செய்யலாம்தான், எனக்கு அந்த மனக்கட்டுப்பாடு இல்லை. சல்காடோவுக்கு இருந்தது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்தது விலைக்காக. விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், இப்போது வந்திருக்கும் சி.டி. (CT) ஸ்கேனர்கள் பழைய எக்ஸ்ரேயைவிட ஃபிலிமை மோசமாகப் பாதிக்கும். கழுவத் தெரியாவிட்டால் ஒரு டாங்க், ஒரு கறுப்புப் பை, தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு அப்புறம் ஃபிலிம் வாங்குங்கள்.

சல்காடோமேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று உண்டு, அவர் இறந்த பிறகும் அதைச் சிலர் கிளப்பினார்கள். துன்பத்தை அழகாக்குகிறார் என்பது. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003-ல் இன்னும் குறிப்பாகக் கேட்டார், இந்தப் படங்களில் இருக்கும் ஏழைகளுக்குக் கீழே பெயர் இல்லையே, புகழ்பெற்றவரைப் படம் எடுத்தால் பெயர் போடுகிறோம், இவர்கள் மட்டும் எப்படித் தொழிலுக்கும் கஷ்டத்துக்கும் உதாரணமாக நின்றுவிடுகிறார்கள் என்று. எனக்கு அந்த வாதம் அந்தக் காலத்தில் பிடித்ததே இல்லை. ஐம்பதாயிரம் பேரிடம் பெயர் கேட்டுக்கொண்டா இருக்க முடியும் என்று சண்டை போட்டிருக்கிறேன். அழகாக்குவது பற்றி இப்போதும் அவர் பக்கம்தான். ருவாண்டா இனப்படுகொலையைப் படம் எடுத்த பிறகு உடம்பும் மனமும் விட்டுப்போய், கேமராவை வைத்துவிட்டு, அப்பாவின் காய்ந்துபோன பண்ணையில் லெலியாவோடு சேர்ந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மரம் வளர்த்த மனிதரைப் பார்த்து, கஷ்டத்தை விற்றார் என்று என்னால் சொல்ல முடியாது. பெயர் விஷயத்தில் இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

அந்தச் சிமெண்ட் மூட்டைப் படத்தை எட்டுக்குப் பத்தில் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. ஃபிக்ஸர் தீர்ந்துபோய், காகிதம் வர நாளாகி, அப்படி இப்படி என்று இழுத்துவிட்டது. சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பூச்சு வேலை முடிந்திருந்தது. மேஸ்திரி அதே ஆள்தான். மூட்டை தூக்கினாரே ஒருத்தர், அவருக்குப் படம் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

"மூட்ட தூக்குற ஆளு பத்துப் பதினஞ்சு பேர் வந்துட்டுப் போயிட்டாங்களே சார். பேரு சொல்லுங்க."

கேட்டிருக்கவில்லை. கவரைப் பிரித்துப் பிரிண்டை நீட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பி, சாய்த்துப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த கொத்தனாரைக் கூப்பிட, அவரும் வந்து பார்த்தார். தோளில் இருக்கிற துணியை வைத்து ஒருத்தர் பேரைச் சொல்லி, அவன் இவ்வளவு உயரம் இல்லையே என்று இன்னொருத்தர் சொல்லி, கடைசியில் மேஸ்திரி பிரிண்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. மூஞ்சி தெரியலையே சார்."